குண்டினை வைத்தோரும் கோப்பினை மறைத்தோரும்: போருக்குப் பிந்திய இத்தாலிய ஜனநாயகம் பற்றி ஒரு நோக்கு

அரசியல் வன்முறை பற்றிய உரையாடல்களில் ‘செய்தவர் யார்?’ என்னும் வினாவே முதன்மை பெறுவது வழக்கம். ‘செய்தவர் யார் என்பது வெளிப்படாதிருக்கப் பாடுபட்டவர் யார்?’ என்னும் வினா அரிதாகவே எழுப்பப்படுகிறது. முதலாவது வினாவுக்கு விடை தேடுவது பொலிசாரினதும் நீதிமன்றத்தினதும் கடமை. இரண்டாவது வினாவோ பொலிசாரையும் ஆட்சியாளரையும் நோக்கியே எழுப்பப்பட வேண்டியதாதலால், அதனை எழுப்புவோர் அரசின் பகைவராகக் கருதப்படுகின்றனர். ஆயினும் ஒரு நாடு ஜனநாயக நாடா என்பதை அறிவதற்கு அதன் தேர்தல்களை மாத்திரம் நோக்கினாற் போதாது. தன் ஊழியர் இழைத்த குற்றத்தை அந்நாடு எவ்வாறு நடத்துகிறது என்பதையும் நோக்குதல் வேண்டும்.

இவ்வுண்மையை இரண்டாம் உலகப்போருக்குப் பிந்திய இத்தாலியைப் போலத் தெளிவாக உணர்த்தும் நாடுகள் சிலவே. 1969இல் மிலான் நகரின் பியாற்சா பொந்தானாவில் 17 பேர். 1974 மே மாதத்தில் பிரெசியாவில் 8 பேர். அதே ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் ‘இத்தாலிக்குஸ்’ கடுகதிப் புகையிரதத்தில் 12 பேர். 1980இல் பொலோஞ்ஞா புகையிரத நிலையத்தில் 85 பேர். இந்நான்கு குண்டுவெடிப்புகளில் மாத்திரம் 122 மாந்தர் மாண்டனர். இவர்களுட் பெரும்பாலானோர் எக்கட்சியின் தலைவரும் அல்லர். வங்கிக்கு வந்த கமக்காரர், கூட்டத்துக்கு வந்த ஆசிரியர், விடுமுறைக்குப் புறப்பட்ட குடும்பத்தினர் ஆகியோரே பலியாயினர்.

இக்காலப் பகுதியை விளக்க முற்பட்ட ஆட்சியாளரும் அவர்தம் பத்திரிகைகளும் ‘எதிரெதிர்த் தீவிரவாதங்கள்’ என்னுமொரு கோட்பாட்டினைப் பரப்பினர். வலப்புறத்தே ஒரு தீவிரவாதம், இடப்புறத்தே மற்றொரு தீவிரவாதம், நடுவே இரண்டினாலும் தாக்குண்ட அப்பாவி அரசு என்பதே அக்கோட்பாட்டின் சாரம். கேட்பதற்கு நடுநிலைமை வாய்ந்ததாகத் தோன்றும் இவ்விளக்கம் நிகழ்ச்சிகளுக்கு முரணானது என்பதும், இதனை ஏற்றுக்கொள்வோர் அறிந்தோ அறியாமலோ மறைப்பவரின் பணியைத் தொடர்கின்றனர் என்பதும் இக்கட்டுரையின் வாதமாகும்.

1

முதலில், அவ்வரசு எத்தகையது என்பதை நோக்குதல் தகும். 1946 யூன் 2ஆந் திகதி இத்தாலிய மக்கள் முடியாட்சியை நீக்கிக் குடியரசினைத் தெரிந்தனர். 1948 தொடக்கம் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பு, பாசிசத்தை எதிர்த்துப் போராடிய கட்சிகள் யாவும் கூடி ஆக்கியது. ஆனால் அரசியலமைப்பு மாறிய வேகத்தில் அரச யந்திரம் மாறவில்லை. முசோலினியின் காலத்தில், 1930இல், இயற்றப்பட்ட தண்டனைச் சட்டக் கோவை தொடர்ந்து பயன்பட்டது. 1946இல் வழங்கப்பட்ட பொதுமன்னிப்பின் பயனாகப் பாசிச அதிகாரிகள் பலர் பதவிகளுக்கு மீண்டனர். அம்மன்னிப்பில் ஒப்பமிட்ட நீதியமைச்சர் கம்யூனிஸ்ட் கட்சித் தலைவர் தொலியாற்றி என்பது வரலாற்றின் கசப்பான முரண்களுள் ஒன்று.

1947 மே மாதத்தில் கம்யூனிஸ்டுகளும் சோஷலிஸ்டுகளும் அரசாங்கத்தினின்றும் வெளியேற்றப்பட்டனர். 1948 ஏப்ரல் தேர்தலில் கிறிஸ்தவ ஜனநாயகக் கட்சியை வெல்லவைப்பதற்கு அமெரிக்காவின் சி.ஐ.ஏ. நிதி வழங்கியது. புதிதாகத் தோன்றிய அந்நிறுவனத்தின் முதற் பெரும் இரகசிய நடவடிக்கைகளுள் இதுவும் ஒன்று. மறுபுறத்தில் கம்யூனிஸ்ட் கட்சி மொஸ்கோவிலிருந்து பணம் பெற்றதையும் மறைத்தல் முறையன்று. ஆயினும் இவ்விரண்டிற்குமிடையே ஒரு வேறுபாடு உண்டு. மொஸ்கோவின் பணம் எதிர்க்கட்சியொன்றினைச் சென்றடைந்தது; வாஷிங்டனின் உறவோ அரசின் இரகசிய சேவைகளுக்குள்ளேயே வேரூன்றியது.

1956இல் இத்தாலிய இராணுவ உளவுச்சேவையும் சி.ஐ.ஏ.யும் செய்துகொண்ட உடன்பாட்டின் வழியே ‘கிளாடியோ’ என்னும் இரகசிய அமைப்பு உருவாயிற்று. 1964இல் கரபினியேரிப் படைத் தளபதி டி லொறென்சோ, தொழிற்சங்கவாதிகளையும் இடதுசாரிகளையும் கைதுசெய்து தீவொன்றிற்கு அனுப்புவதற்கான திட்டமொன்றினை வகுத்தார். அவர் உளவுச்சேவையின் தலைவராயிருந்த காலத்தில் ஏறத்தாழ 157,000 குடிமக்கள் மீது கோப்புகள் திறக்கப்பட்டிருந்தமை பின்னர் வெளியாயிற்று. ‘நடுவே நின்ற அப்பாவி அரசு’ இத்தகையதே.

2

1969ஆம் ஆண்டின் இலையுதிர் காலத்தில் உலோகத் தொழிலாளர் முதலாகப் பல இலட்சம் தொழிலாளர் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். ஊதியத்தோடு தொழிற்சாலைக்குள் மனித மதிப்பும் அவர்களது கோரிக்கையாயிற்று. இச்சூழ்நிலையிலேயே டிசம்பர் 12ஆந் திகதி, வெள்ளிக்கிழமை பிற்பகல், பியாற்சா பொந்தானாவிலுள்ள விவசாய வங்கியின் மண்டபத்திற் குண்டு வெடித்தது. ஏனைய வங்கிகள் பூட்டப்பட்ட பின்னரும், சந்தைக்கு வந்த கமக்காரருக்காகவும் கால்நடை வியாபாரிகளுக்காகவும் அவ்வங்கி திறந்திருந்தது. அதே நாளில் உரோம் நகரிலும் குண்டுகள் வெடித்தன. மிலானில் மற்றொரு வங்கியிற் கண்டெடுக்கப்பட்ட வெடிக்காத குண்டினை அதிகாரிகள் அன்றிரவே வெடிக்கவைத்து அழித்தனர். குற்றவாளியைக் காட்டக்கூடிய தலையாய தடயம் குற்றத்தை விசாரிக்க வேண்டியோர் கையாலேயே அழிந்தது.

விசாரணை தொடங்குமுன்னரே குற்றவாளி யார் என்பது தீர்மானிக்கப்பட்டுவிட்டது. அராஜகவாதிகள் பலர் பிடிக்கப்பட்டனர். அவர்களுள் ஒருவரான புகையிரதத் தொழிலாளி யுசெப்பே பினெல்லி, பொலிசாரின் வண்டியைத் தம் மோட்டார்ச் சைக்கிளிற் பின்தொடர்ந்து தாமாகவே நிலையத்துக்குச் சென்றவர். சட்டம் அனுமதித்த காலம் கடந்த பின்னரும் தடுத்து வைக்கப்பட்ட அவர், டிசம்பர் 15ஆந் திகதி நள்ளிரவளவில் நான்காம் மாடி யன்னலினின்றும் வீழ்ந்து இறந்தார். குற்றம் வெளிப்பட்டதால் அவர் தற்கொலை செய்துகொண்டாரென மிலான் பொலிஸ் அதிபர் அன்றிரவே பத்திரிகையாளருக்குக் கூறினார். பினெல்லி குற்றமற்றவர் என்பது பின்னர் தெளிவாயிற்று. அவ்வதிபர் மார்செல்லோ குவீடா, முசோலினியின் காலத்தில் வென்றொற்றேனே தீவில் அரசியற் கைதிகளின் சிறைக்குடியிருப்புக்குப் பொறுப்பாயிருந்தவர். குடியரசின் பொலிஸ் அதிபர் ஆசனத்தில் அவர் வந்தமர்ந்தமை தற்செயலன்று. மேலே கூறப்பட்ட அரச யந்திரத்தின் தொடர்ச்சிக்கு அதனிலும் சிறந்த சான்று வேண்டியதில்லை.

பினெல்லி எவ்வாறு இறந்தார்? 1975இல் விசாரணை நீதிபதி டம்புறோசியோ வழங்கிய முடிவின்படி அது கொலையுமன்று, தற்கொலையுமன்று. திடீர் உடற்சோர்வினால் நிலைதவறிய வீழ்ச்சியேயாம். அறையினுள் இருந்த அதிகாரிகள் அன்றிரவு பற்றிக் கூறியவை ஒன்றுக்கொன்று முரணாக அமைந்தமையால், இம்முடிவு இத்தாலியரிற் பலரை இன்றுவரை நிறைவுபடுத்தவில்லை.

மற்றொரு அராஜகவாதியான நடனக் கலைஞர் பியேத்ரோ வல்ப்ரேடா ‘பயங்கர மிருகம்’ எனப் பத்திரிகைகளாற் சித்திரிக்கப்பட்டார். அவருக்கெதிரான முக்கிய சான்று, அவரை வங்கியருகே இறக்கியதாகக் கூறிய வாடகைக் கார்ச் சாரதியொருவரின் அடையாளங் காட்டல். அச்சாரதிக்கு வல்ப்ரேடாவின் புகைப்படம் முன்கூட்டியே காட்டப்பட்டிருந்தது. ஆயினும் வல்ப்ரேடா மூன்று ஆண்டுகள் விளக்க மறியலிற் கிடந்தார். அவரை விடுவிப்பதற்கு 1972இல் புதிய சட்டமொன்று இயற்ற வேண்டியதாயிற்று.

இதற்கிடையில் திரெவீசோ நகரின் நீதிபதி ஸ்ரீஸ், ‘ஓர்டினே நுவோவோ’ என்னும் நவபாசிச இயக்கத்தைச் சேர்ந்த பிராங்கோ பிரேடா, ஜொவான்னி வெந்தூரா ஆகியோரை நோக்கிச் செல்லும் தடயங்களைக் கண்டறிந்தார். உடனே தடைகள் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்தன. பொது அமைதியைக் காரணங் காட்டி, வழக்கு மிலானிலிருந்து ஆயிரம் கிலோமீற்றருக்கும் அப்பாலுள்ள கத்தன்சாரோவுக்கு மாற்றப்பட்டது. சந்தேகத்துக்குரியவரான ஜனெற்றினி என்பவர் இராணுவ உளவுச்சேவையின் முகவரா என நீதிபதி வினவியபோது, ‘இராணுவ இரகசியம்’ என்பதே விடையாயிற்று. ஜனெற்றினி நாட்டைவிட்டு வெளியேற அச்சேவையே துணைபுரிந்தது. அவர் முகவரே என்பதை அமைச்சர் அந்திரெயொற்றி 1974இல் ஒப்புக்கொண்டார். உளவுச்சேவையின் ஜெனரல் மலெற்றியும் கப்டன் லபுறூனாவும் இதன் பொருட்டுத் தண்டிக்கப்பட்டனர். ஆனால் இறுதியில் அவர்களுக்கு விதிக்கப்பட்டது ஓராண்டும் பத்து மாதங்களுமே. மலெற்றி தென்னாபிரிக்காவிற் சென்று வாழ்ந்தார்.

பிரேடாவும் வெந்தூராவும் 1979இல் ஆயுட்தண்டனை பெற்று, 1981இல் மேன்முறையீட்டில் விடுதலையாயினர். அவ்விடுதலை 1987இல் உறுதியாயிற்று. 2005இல் நாட்டின் அதியுயர் நீதிமன்றம், அக்குண்டுக்குப் பொறுப்பானது பிரேடா, வெந்தூரா ஆகியோரைச் சூழ்ந்த குழுவே எனக் கருதியது. ஆனால் ஒருமுறை விடுவிக்கப்பட்டோரை மீண்டும் விசாரிக்கச் சட்டம் இடந்தரவில்லை. முப்பத்தாறு ஆண்டுகளின் பின் உண்மை கிடைத்தது, நீதி கிடைக்கவில்லை. அதே தீர்ப்பில், வழக்குச் செலவைச் செலுத்துமாறு கொல்லப்பட்டோரின் உறவினருக்கே கட்டளையிடப்பட்டது.

3

இஃது ஒரு தனி நிகழ்ச்சியின் தவறாயிருப்பின் மன்னித்தல் கூடும். ஆனால் ஏனைய நிகழ்ச்சிகளிலும் அதே முறை தென்படுகிறது.

1972 மே 31ஆந் திகதி பெற்றெயானோ என்னுமிடத்தில் மோட்டார் வண்டியிற் பொருத்தப்பட்ட குண்டினால் கரபினியேரி வீரர் மூவர் கொல்லப்பட்டனர். பழி முதலில் இடதுசாரிகள் மீதும், பின்னர் உள்ளூர்வாசிகள் சிலர் மீதும் சுமத்தப்பட்டது. 1984இல் நவபாசிசவாதி வின்ச்சிகுவேரா தாமே அதனைச் செய்ததாக நீதிபதி கசோனிடம் ஒப்புக்கொண்டார். விசாரணையைத் திசைதிருப்பிய கரபினியேரி உயரதிகாரிகள் பின்னர் தண்டிக்கப்பட்டனர். தம் சொந்தத் தோழர் மூவரின் கொலையாளிகளை மறைக்க அப்படையின் அதிகாரிகளே துணிந்தனரெனின், மறைத்தலின் பின்னணியிலிருந்த நலன் எத்துணை வலியது என்பது சொல்லாமலே விளங்கும்.

1974 மே 28ஆந் திகதி பிரெசியாவில், பாசிச எதிர்ப்புத் தொழிற்சங்கக் கூட்டத்தின் நடுவே குண்டு வெடித்தது. இரண்டு மணித்தியாலங்கள் கழியுமுன் சதுக்கம் நீர்பாய்ச்சிக் கழுவப்பட்டது. குருதியோடு தடயங்களும் வடிகாலிற் சென்றன. இவ்வழக்கில் 2017இல், அதாவது 43 ஆண்டுகளின் பின், இறுதித் தண்டனை பெற்ற இருவருள் ஒருவரான திரமொந்தே, குண்டு வெடித்த காலத்தில் இராணுவ உளவுச்சேவைக்குத் தகவல் வழங்கிவந்தவர்.

1980 ஓகஸ்ட் 2ஆந் திகதி முற்பகல் 10.25 மணிக்குப் பொலோஞ்ஞா நிலையத்தின் இரண்டாம் வகுப்புத் தங்கறை தகர்ந்தது. அடுத்த ஆண்டு சனவரியில் புகையிரதமொன்றில் வெடிமருந்து நிறைந்த பெட்டியொன்று கண்டெடுக்கப்பட்டது. வெளிநாட்டுப் பயங்கரவாதிகளைச் சுட்டுவதற்காக அதனை அங்கு வைப்பித்தோர் இராணுவ உளவுச்சேவையின் அதிகாரிகளே. முசுமேச்சி, பெல்மொந்தே என்னும் அவ்வதிகாரிகள் இருவரும், அவர்களோடு லீச்சோ ஜெல்லியும் விசாரணையைத் திசைதிருப்பியமைக்காக 1995இல் இறுதித் தண்டனை பெற்றனர்.

ஜெல்லி என்பவர் ‘பி 2’ என்னும் இரகசிய மேசனிய மன்றத்தின் தலைவர். 1981 மார்ச் 17ஆந் திகதி அவரது அலுவலகத்திற் கைப்பற்றப்பட்ட பட்டியலில் 962 பெயர்கள் இருந்தன. அமைச்சர்கள், பாராளுமன்ற உறுப்பினர்கள், தளபதிகள், நீதிபதிகள், வங்கியாளர், பத்திரிகை அதிபர் எனப் பலரும் அதில் இடம்பெற்றனர். இரு உளவுச்சேவைகளினதும் தலைவர்களது பெயர்களும் அதிற் காணப்பட்டன. போர்க்காலத்தில் பாசிச எதிர்ப்புப் போராளிகளின் தூதுப் பெண்ணாகப் பணியாற்றியவரும், இத்தாலியின் முதற் பெண் அமைச்சருமான தீனா அன்செல்மி தலைமையிலான பாராளுமன்ற ஆணைக்குழு இதனை ஆராய்ந்தது. பொலோஞ்ஞா பற்றி 2022இல் வழங்கப்பட்ட தீர்ப்பு, அக்கொலைக்குப் பின்னணியில் நின்று பணம் வழங்கியவராக இறந்துபோன ஜெல்லியைச் சுட்டியது. அவ்வழக்கில் விதிக்கப்பட்ட ஆயுட்தண்டனை 2025இல் உறுதியாயிற்று.

4

இவ்வாதத்துக்கு மூன்று மறுப்புகள் கூறப்படுவதுண்டு.

இடதுசாரிகளும் கொன்றனரே என்பது முதலாவது. மறுக்கவொண்ணாத உண்மை இது. செம்படையணிகள் என்னும் இயக்கம் 1978 மார்ச் 16ஆந் திகதி அல்டோ மோறோவைக் கடத்தி, மெய்காவலர் ஐவரைச் சுட்டு வீழ்த்தி, 55 நாட்களின் பின் அவரையும் கொன்றது. 1979 சனவரியில் ஜெனோவா உருக்காலைத் தொழிலாளியும் தொழிற்சங்கவாதியுமான குவீடோ றொசாவை, தம் துண்டுப்பிரசுரத்தைப் பரப்பியவனைக் காட்டிக்கொடுத்தார் என்பதற்காகச் சுட்டுக்கொன்றது. தொழிலாளரின் பெயரால் தொழிலாளியைக் கொன்ற இச்செயலுக்கு எச்சித்தாந்தமும் விளக்கந் தரமுடியாது. பினெல்லியை விசாரித்த பிரிவின் அதிகாரி கலப்றேசியைச் சில இடதுசாரிப் பத்திரிகைகள் கொலைகாரனெனத் தீர்ப்பளித்தன. 1972 மே 17ஆந் திகதி அவர் தம் வீட்டு வாயிலிற் கொல்லப்பட்டார். பினெல்லி வீழ்ந்த வேளையில் அவர் அவ்வறையில் இருக்கவில்லை என நீதிபதி டம்புறோசியோ பின்னர் கண்டார். சான்றின்றித் தீர்ப்பளித்தல் பொலிஸ் அதிபருக்கு எத்துணை இழிவோ, புரட்சிப் பத்திரிகைக்கும் அத்துணை இழிவேயாகும். இவையாவும் சி.ஐ.ஏ.யின் சூழ்ச்சியே என்று கூறித் தப்பிக்கொள்ளும் இடதுசாரிகள், தாம் கண்டிக்கும் மறைத்தலையே தாமும் செய்கின்றனர்.

ஆனால் இதனால் ‘எதிரெதிர்த் தீவிரவாதங்கள்’ கோட்பாடு நிலைபெற்றுவிடுமா? செம்படையணிகளின் உறுப்பினர் நூற்றுக்கணக்கிற் பிடிக்கப்பட்டு, விசாரிக்கப்பட்டு, நீண்ட தண்டனை பெற்றனர். 1980களின் நடுப்பகுதிக்குள் அவ்வியக்கம் உடைந்தது. இது அவ்வரசின் ஆற்றலைக் காட்டுகிறது. அதே அரசு, அதே பொலிஸ், அதே சட்டம் வங்கியிலும் சதுக்கத்திலும் வைக்கப்பட்ட குண்டுகளுக்கு மாத்திரம் நாற்பது ஆண்டுகள் தடுமாறியமை ஏன்? ஆற்றல் இல்லாமையால் அன்று என்பது மேற்கண்ட ஒப்பீட்டாற் பெறப்படும். ஒரு சாராரின் குற்றத்தை அரசு விசாரித்தது. மற்றொரு சாராரின் குற்றத்தை அரசின் ஒரு பகுதி மறைத்தது.

கெடுபிடிப் போரின் ஆபத்து உண்மையானதே என்பது இரண்டாவது மறுப்பு. 1956இல் ஹங்கேரிக்கும் 1968இல் செக்கோஸ்லோவாக்கியாவுக்கும் நேர்ந்ததைக் கண்ட எந்நாடும் அஞ்சுதல் இயல்பே. படையெடுப்பு நேருமாயின் எதிர்த்துப் போராடுவதற்கே கிளாடியோ அமைக்கப்பட்டது என 1990 ஒக்டோபரில் பிரதமர் அந்திரெயொற்றி பாராளுமன்றத்துக்கு அறிவித்தார். கிளாடியோ என்னும் அமைப்பே குண்டுகளை வைத்தது என்பதை எந்நீதிமன்றமும் நிறுவவில்லை. நிறுவப்படாததை நிறுவப்பட்டதாகக் கூறுதல் தகாது. எனினும், மக்களின் பிரதிநிதிகள் அறியாத ஓர் ஆயுத அமைப்பு, அந்நிய உளவு நிறுவனமொன்றின் உடன்பாட்டோடு, முப்பத்துநான்கு ஆண்டுகள் ஒரு குடியரசினுள் நிலவியது என்பதே போதுமான குற்றச்சாட்டாகும். அந்நியரிடமிருந்து ஜனநாயகத்தைக் காப்பதாகக் கூறுவோர், அதனை அதற்குரிய மக்களிடமிருந்தே மறைத்து வைத்தனர். இரகசியம் படையெடுப்பு நாளுக்காகப் பாதுகாக்கப்பட்டது என்பர், படையெடுப்பு வரவேயில்லை. இரகசியம் மாத்திரம் நாள்தோறும் பயன்பட்டது. நீதிபதியின் வினாவுக்கு விடைகூறாதிருக்கப் பயன்பட்டது.

ஈற்றில் ஜனநாயகம் வென்றதே, உண்மை வெளிவந்ததே என்பது மூன்றாவது மறுப்பு. இதுவே மிக நுட்பமானதும் மிக ஆபத்தானதுமாகும். உண்மை தானாக வெளிவரவில்லை. திரெவீசோவிலும் வெனிசிலும் இருந்த சில நீதிபதிகள் மேலிடத்தின் விருப்பத்தை மீறிக் கோப்புகளைத் தேடினர். உரோமில் நவபாசிசக் குழுக்களைத் தனியொருவராக விசாரித்துவந்த அரச வழக்கறிஞர் மரியோ அமாற்றோ, 1980 யூன் 23ஆந் திகதி, பாதுகாப்பு வண்டியின்றிப் பஸ் தரிப்பிடத்தில் நின்றபோது கொல்லப்பட்டார். அதன் பின் நாற்பது நாட்களிற் பொலோஞ்ஞா நிலையம் தகர்ந்தது. கொல்லப்பட்டோரின் உறவினர் சங்கங்கள் அமைத்து, ஆண்டுதோறும் அதே மணிக்கு அதே நிலையத்திற் கூடி, அமைச்சர்களின் முகத்துக்கு நேரே வினா எழுப்பினர். விசாரணையைத் திசைதிருப்புதலைத் தனிக் குற்றமாக்கும் சட்டம் அவர்களது நீண்ட போராட்டத்தின் பயனாக 2016இலேயே நிறைவேறியது. குடிமக்கள் அரசினோடு போராடிப் பெற்றதை அரசின் பெருமையாகக் கணக்கிடுவது வரலாற்றுக்கு இழைக்கும் இரண்டாவது மறைத்தலாகும்.

5

குண்டு கொல்வது அவ்விடத்தில் நின்றோரை. மறைத்தல் அவ்விடத்தில் இல்லாதோரையும் தாக்குகிறது. குற்றமற்றவன் குற்றவாளியாகின்றான், சான்று கழுவப்படுகின்றது, வழக்கு தொலைதூரத்துக்கு அனுப்பப்படுகின்றது, சாட்சி எல்லை கடக்கின்றான். ஈற்றில் மக்கள் எதனையும் நம்பாதவராகின்றனர், அல்லது எதனையும் நம்புவோராகின்றனர். இவ்விரு நிலையிலும் வாக்குரிமை வெறுஞ் சடங்காகிவிடும். நிகழ்ந்தது யாதென அறியாதவன் எதனை வைத்துத் தெரிவுசெய்வான்?

2009 மே 9ஆந் திகதி, பயங்கரவாதத்துக்குப் பலியானோரின் நினைவு நாளில், சனாதிபதி நாபொலிற்றானோ தம் மாளிகைக்குப் பினெல்லியின் மனைவியையும் கலப்றேசியின் மனைவியையும் ஒருங்கே அழைத்தார். அவ்விரு விதவைகளும் அங்கே கைகொடுத்துக் கொண்டனர். முதலில் ஆதாரமற்ற சந்தேகத்துக்கும் பின்னர் மரணத்துக்கும் ஆளான குற்றமற்ற மனிதர் பினெல்லி எனக் குடியரசின் தலைவர் ஏற்றுக்கொண்டார். ஒரு புகையிரதத் தொழிலாளியின் பெயரை மீட்க அக்குடியரசுக்கு நாற்பது ஆண்டுகள் சென்றன. அவ்வேற்புக் காலந் தாழ்ந்தது, ஆயினும் பொய்யானதன்று.

அரசின் பாதுகாப்புக் கருதி அரசின் குற்றங்களை மறைக்க வேண்டும் எனக் கூறுவோர் எந்நாட்டிலும் உளர். அவர்களுக்கு இத்தாலியின் ஆவணங்கள் தரும் விடை தெளிவானது. அங்கு மறைக்கப்பட்டவற்றுள் ஒன்றேனும் ஓர் உயிரையும் காக்கவில்லை. 1969இன் கொலையாளிகள் உரிய காலத்திற் தண்டிக்கப்பட்டிருப்பின், 1974இலும் 1980இலும் மாண்டோர் பலர் வாழ்ந்திருத்தல் கூடும். ஆதலால் குண்டினை வைத்தோரைத் தேடும் சமுதாயம், கோப்பினை மறைத்தோரையும் அதே முனைப்போடு தேடுதல் வேண்டும். அத்தேடலைக் கைவிடும் ஜனநாயகம் அடுத்த குண்டுக்கு இடம் ஒதுக்கி வைக்கும் ஜனநாயகமேயாகும்.